முப்பத்தேழாம் நாள்

பஸ் இன்னும் வரவில்லை. பத்து மணிக்கு வந்துவிடும் என்று நேற்று எலியா சொன்னான், இப்போது பத்தேகாலுக்கு அதே எலியா, வந்தால் வரும் என்கிறான். அவனுடைய கடைக்கு முன்னால் கிடக்கும் யூகலிப்டஸ் கட்டையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒட்டி மாமா சலோமே உட்கார்ந்திருக்கிறாள், அவள் மடியில் என் பை இருக்கிறது. பையை வாங்க இரண்டு முறை கையை நீட்டிவிட்டேன். இரண்டு முறையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர பையைத் தரவில்லை. பிடித்த கையை விடவுமில்லை. இங்கே பேசும்போது கையைப் பிடித்துக்கொள்வார்கள், பேச்சு முடிந்தும் சிலர் விடமாட்டார்கள். ஜூலை மாதக் குளிரில் மலை முழுக்க விறைத்துக் கிடக்கிறது, இவள் உள்ளங்கை மட்டும் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சுடுகிறது. வெளியூர் போகிறவளைத் தனியாக அனுப்பக் கூடாது, பஸ் ஏறி அது வளைவில் மறையும்வரை கூட நிற்கவேண்டும், அது இந்த ஊர் வழக்கம். யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் கிளம்பியிருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, என் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுப்பவளே இவள்தான். ஒன்பது மாதமாகப் படுக்கிறாள். ஒரு பெண் ஒரு வீட்டில் தனியாகத் தூங்குவாள் என்பதை இவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வந்த முதல் நாளே பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள், நான் வேண்டாம் என்றதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். சலோமே என்பது அவள் மகள் பெயர், இங்கே அம்மாவுக்கு மாமா என்று பேர், பிள்ளை பெயரைச் சேர்த்து மாமா சலோமே. முதல் வாரம் போனில் அப்பாவிடம், மாமா கூடத்தில் படுத்திருக்கிறார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அவர் "எந்த மாமா?" என்று கத்தியதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அப்பா. அவரைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். பஸ்ஸை நினை. இரிங்காவுக்கு மூன்று மணி நேரம். இரவு அங்கே ஏதாவது விடுதி, காலை ஐந்து மணி பஸ், சாயங்காலம் தார் எஸ் சலாம், இரவு விமானம். இவர்களிடம் சொல்லியிருப்பது இரிங்கா மட்டும். விசாவில் முத்திரை குத்தவேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் துறையூரில் இருப்பேன். பெட்டியை அப்படியே விட்டு வந்துவிட்டேன், குக்கரை, நான்கு புடவையை, வீட்டுச் சாவியை. வகுப்பில் கரும்பலகையில் வட்டமும் அதன் மையத்திலிருந்து இரண்டு கோடும் போட்டு நிரூபணத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன், மீதி திங்கட்கிழமை என்று சொல்லி. நாற்பத்து மூன்று பேர் தலையாட்டினார்கள். நவம்பரில் அவர்களுக்கு அரசுத் தேர்வு.

எலியா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறான். முப்பது வயதிருக்கும், எந்நேரமும் கம்பளித் தொப்பி, சோப்பு விற்கும்போதுகூட ஏதாவது கேலி பேசாமல் இருக்கமாட்டான். "டீச்சர், கவலைப்படாதீங்க, பஸ்ஸுக்கு இப்பத்தான் வலி எடுத்திருக்கு, பிறந்ததும் நேரா இங்கதான் வரும்" என்கிறான். மாமா சலோமே, "உங்கம்மா உன்னைப் பெத்தப்பவும் இப்படித்தான் ரெண்டு நாள் இழுத்துச்சு, வந்தது என்னமோ நீதான்" என்கிறாள், அவன் சிரிக்கிறான், நானும் சிரிக்கிறேன், சிரித்த முகத்தை எப்போது மடிக்க வேண்டும் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறேன். துக்கத்தில் இருப்பவள் இவ்வளவு சிரிக்கலாமா. முப்பத்தேழு நாளாகிவிட்டது, கொஞ்சம் சிரிக்கலாமாயிருக்கும். அவன் சர்க்கரை மூட்டையை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து காட்டுகிறான், சனிக்கிழமைக்காக எடுத்து வைத்தது, யாருக்கும் கொடுக்கவில்லை என்கிறான். ஆடு வந்துவிட்டதா என்று கேட்கிறான். என் வீட்டுப் பின்னாலதான் கட்டியிருக்கேன், ராத்திரி எல்லாம் கத்துது, டீச்சர்கூட நடந்து வந்ததுல தழை போடாம வந்துட்டேன் என்கிறாள் இவள். சர்ச்சிலிருந்து பெஞ்சுகள் வெள்ளிக்கிழமையே வந்துவிடும். பாட்டுக் குழுவில் நேற்றும் பாடிப் பார்த்தார்கள். "இப்ப பேரை நல்லாச் சொல்றாங்க டீச்சர்" என்று எலியா நெஞ்சில் கையை வைத்துப் பாடியே காட்டுகிறான், பாபா பெரியானா, பாபா பெரியானா, நாம் மறுபடி சந்திப்போம் ஆற்றுக்கு அக்கரையில். மூன்று குரலில் பாடுவார்களாம். பெரியண்ணன், என் அப்பா, மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தாறு, இந்த நேரம் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் துறையூரில் எங்கள் வீட்டுக் கூடத்துக் கட்டிலில் பல்லைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏன் அப்பா என்று சொன்னேன். அதிலேயே போய் முட்டிக்கொள்கிறது மனசு. வேறு யாரையாவது சொல்லியிருக்கலாம். இருக்கிற சொந்தத்தில் யாராவது ஒரு பெரியப்பா, பார்த்துப் பதினைந்து வருஷமான ஒரு அத்தை. ஏன், செத்துப் பத்தொன்பது வருஷமான அம்மாவையே சொல்லியிருக்கலாம், அது பொய்யாகக்கூட இருந்திருக்காது, தேதி மட்டும்தான் பொய். காய்ச்சல் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்ற சொல் எனக்கு வந்த முதல் வாரமே தெரியும். அன்றைக்குக் கதவைத் திறந்தேன், வாசலில் நாற்பது பேர், ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள், இவள் முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "யாரு?" என்று கேட்டாள். யாரு என்று. என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். யாரு என்று கேட்டால் யாரையாவதுதானே சொல்லவேண்டும். என் வாய் திறந்து, பாபா என்றது. அதைச் சொன்னதும் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓ என்று குரலெடுத்தார்கள், அந்தச் சத்தத்துக்குப் பிறகு எதையும் திருப்பி வாங்க முடியாது.

இத்தனைக்கும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், கதவைச் சாத்தினேன். ஜூன் விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை, மாமா சலோமே மகள் வீட்டுக்கு மூன்று நாள் போயிருந்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக வீடு காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் இப்போதும் விரலில் இருக்கிறது. போட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். துறையூர் வீட்டில் இரண்டு அறை, ஒன்று தம்பிக்கும் அவன் மனைவிக்கும், ஒன்று பிள்ளைகளுக்கு. கூடத்தில் கட்டிலில் அப்பா, கீழே பாயில் நான். நாற்பத்தொரு வயதுவரை நான் தாழ்ப்பாள் போட்ட ஒரே இடம் குளியலறைதான், அங்கேயும் ஈரத் தரையில் புடவை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டி முடிப்பதற்குள் யாராவது தட்டி, ஆச்சா என்பார்கள். இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, பின்தங்கிய கிராமத்து மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பதை வாழ்க்கையின் அர்த்தமாகக் கருதுகிறேன் என்று எழுதினேன். நேர்முகத்தில் அதையே சொன்னேன், குரல்கூடத் தழுதழுத்தது. அவர்கள் தங்குமிடத்தின் புகைப்படம் ஒன்று அனுப்பியிருந்தார்கள், தகரக் கூரை, இரண்டு அறை, நீலக் கதவு, கீழே 'ஒரு நபருக்கு' என்று போட்டிருந்தது. சம்பளமில்லாத இரண்டு வருஷத்துக்கு நான் கையெழுத்துப் போட்டது அந்த இரண்டு சொல்லுக்குத்தான். அது எனக்கு மட்டும் தெரியும். வந்து பார்த்தால் ஒரு நபர் என்பது இந்த ஊரில் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் ஹோடி என்று குரல் கேட்கும், உள்ளே வரலாமா என்று அர்த்தம், கரிபு, வாங்க, என்று சொல்லித்தான் ஆகவேண்டும். வந்து உட்காருவார்கள். பேசவேண்டும் என்றுகூட இல்லை. ஒருத்தி பீன்ஸ் உரித்துக்கொண்டிருப்பாள், ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதாவது வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்க எனக்கு வார்த்தை தெரியும், ஆனால் அப்படி ஒரு கேள்வி அந்த மொழியில் இருக்குமென்று தோன்றவில்லை. நீ தனியா இருந்தியே, அதனாலதான் என்று ஒருமுறை இவள் தானாகவே சொன்னாள்.

அந்த இரண்டு நாளும் நான் ஒன்றும் செய்யவில்லை. அதை யாரிடம் எப்படிச் சொல்வேன். இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடந்தேன். தரையில் படுத்துக் கூரைத் தகரத்தின் வரிகளை எண்ணினேன், எண்ணி முடித்து மறுபடி எண்ணினேன். அடுப்பு மூட்டவில்லை, வேர்க்கடலை தின்று தண்ணீர் குடித்தேன். என் மூச்சு வெளியே போய் உள்ளே வரும் சத்தம் எனக்கே கேட்டது, அது இப்படிக் கேட்கும் என்று இதற்குமுன் தெரியாது. திங்கட்கிழமை வாசலில் பதினொரு பேர் ஹோடி சொன்னார்கள். மூன்று முறை கூப்பிடவேண்டும், பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விடவேண்டும், அது முறை. பதினொரு பேரையும் மூன்று முறை கூப்பிட விட்டுப் பேசாமல் இருந்தேன், ஒவ்வொரு முறையும் காலடிச் சத்தம் திரும்பிப் போகும்போது உடம்பெல்லாம் புல்லரித்தது. திருட்டில்கூட அவ்வளவு சுகம் இருக்காது. பகலில் கதவு சாத்தி, அடுப்பில் புகையும் இல்லையென்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெளியே விறகு பிளக்கும் சத்தம் கேட்டது, பெஞ்சுகளைத் தரையில் வைக்கும் சத்தம், பிறகு தாழ்ந்த குரலில் பாட்டு. ஊருக்குத் திரும்பிய மாமா சலோமே சாத்தின கதவைப் பார்த்துவிட்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள், டீச்சர் ஊரிலிருந்து செய்தி வந்திருக்கிறது என்று. மூன்று நாள் துக்கம் காத்தார்கள். ஆண்கள் வாசலில் நெருப்பைச் சுற்றி, பெண்கள் உள்ளே. இருபது பெண்கள் என் இரண்டு அறையிலும் தலைக்குக் காலாகப் படுத்திருந்தார்கள், நடுவில் நான். மாவு கொண்டுவந்தார்கள், பீன்ஸ், கருவாடு, விறகு. நான் எதையும் தொடக்கூடாது, இவள் களியைப் பிய்த்து உருட்டி என் வாயில் வைத்தாள். நான் அழுதேன். நடிக்கவில்லை, தேம்பித் தேம்பித்தான் அழுதேன், அவர்கள் தலையை ஆட்டி முதுகைத் தடவினார்கள். எதற்கு அழுதேன் என்று தெரிந்தால். தாழ்ப்பாள் போட்ட அந்த வீட்டுக்காக அழுதேன்.

ஆனால் அப்பா. ஒருவரைச் செத்துவிட்டார் என்று சொன்னால் ஆயுள் கூடும் என்பார்கள் எங்கள் ஊரில், அது தெரியாமல் சொன்னவர்களுக்கு. தெரிந்து சொன்னவளுக்கு என்ன. அந்த வாரம் முழுக்கத் தினமும் இந்தக் கட்டைக்கு வந்து போன் போட்டேன், ஊரில் இங்கே மட்டும்தான் சிக்னல். "என்னம்மா தினமும் பேசற, காசு நெறையா வச்சிருக்கியா?" என்றார். நெஞ்சு கொஞ்சம் படபடன்னு வருது, வெயில்தான் என்றார் இன்னொரு நாள். நான் இங்கே சொன்னது கடலைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதோ. இப்போது புதன்கிழமைகளில் அவரே பேசுகிறார், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அதாவது இங்கே பத்தரைக்கு, அந்த நேரத்துக்கு நான் வகுப்பில்லாமல் இங்கே வந்து காத்திருப்பேன் என்பது ஏற்பாடு. இன்று புதன். பத்து இருபத்தைந்து. பஸ் சரியாகப் பத்துக்கு வந்திருந்தால் இது ஒன்றும் நடக்காது. நிஜமாகவே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நாளைக்கே, அடுத்த மாதமே, இவர்களிடம் நான் என்ன சொல்லி அழுவேன். இவர்கள் அவருக்கு அழுது முடித்துவிட்டார்கள். சனிக்கிழமை நாற்பதாம் நாள், அன்றோடு துக்கம் கழிகிறது, ஆடு வெட்டி எல்லோரும் சாப்பிட்டு, செத்தவருடைய கதையை வாசிப்பார்கள். எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள், எப்படிச் செத்தார், கடைசியாக என்ன சொன்னார். மகள்தான் எழுதி வாசிக்கவேண்டும். போன வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். பிறந்தது சோபனபுரம். மின்கம்பத்தில் ஏறி ஒருமுறை விழுந்து இடது கால் கொஞ்சம் சாய்த்து நடப்பார். கோபம் வந்தால் பேசாமல் சைக்கிளைத் துடைப்பார். நன்றாகத்தான் வந்தது, இதையெல்லாம் அவரைப் பற்றி யாரும் எழுதியிருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. எப்படிச் செத்தார் என்ற இடம் வந்தது. பேனாவைத் தாளில் வைத்தேன். மாரடைப்பு என்று எழுதினால் மாரடைப்புதான் வரும். விபத்து என்று எழுதினால் அவர் இன்னும் அந்தச் சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போகிறார். தூக்கத்தில் என்று எழுதினால் ஒவ்வொரு ராத்திரியும் நான் விழித்திருக்கவேண்டும். பேனா நின்ற இடத்தில் மை ஊறிக் கறுப்பாகப் பரவியது. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்து போனிலேயே விமானச் சீட்டு எடுத்தேன்.

தூரத்தில் ஏதோ இரைகிறது. பஸ்தான். இல்லை, தேயிலை லாரி. சிவப்புப் புழுதியை எங்கள்மேல் போட்டுவிட்டுப் போகிறது. மாமா சலோமே தோளில் கிடக்கும் துணியின் நுனியால் முதலில் என் முகத்தைத் துடைக்கிறாள், பிறகு பையை, பிறகு தன் முகத்தை. துறையூரில் யாருக்கும் நான் வருவது தெரியாது. தம்பி மனைவி என்ன முகம் காட்டுவாள். கூடத்தில் பாயை எங்கே விரிப்பது. இதோ இந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது, பஸ்ஸில் ஏறினால் விட்டுவிடும், விட்டால் அடுத்தது அங்கே. இரண்டுக்கும் நடுவில் ஒரு இரவு இரிங்காவில் ஒரு விடுதி அறை. அதற்குத் தாழ்ப்பாள் இருக்கும். அந்த ஒரு இரவுக்காகவா இவ்வளவும்.

போன் அடிக்கிறது. மடியிலேயே வைத்திருந்ததால் மூன்று பேருக்கும் கேட்டுவிட்டது. திரையில் அப்பா என்று இருக்கிறது, தமிழில், இவளுக்குப் படிக்கத் தெரியாது. அடித்து ஓயட்டும் என்று பார்க்கிறேன். "எடு, எடு. ஊர்லேர்ந்தா?" என்கிறாள். ஆமாம் என்று தலையை அசைக்கிறேன். "பின்ன எடுக்காம என்ன பார்த்துக்கிட்டு இருக்க?"

"என்னம்மா சுலோ, சாப்டியா?"

"மணி பத்தரைதானே ஆகுதுப்பா."

"ஆமாமா, மறந்துர்றேன். என்ன ஒரே காத்தா இருக்கு?"

"ரோட்டுல நிக்கறேன். உங்களுக்கு நெஞ்சு எப்படி இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, எதுக்கு வாராவாரம் அதையே கேக்கற? கேளு, கூடத்துல உன் எடம் இருக்குல்ல, அலமாரி பக்கம், அங்க சின்னவனுக்குப் படிக்க மேசை போட்டுட்டாங்க. நான் சொன்னேன், அவ வந்தா எங்க படுப்பான்னு. இன்னும் ஒண்ணேகால் வருசம் இருக்கே, வர்றப்ப பாத்துக்கலாம்னான் உந்தம்பி. பாத்துக்கலாம்ல?"

பார்த்துக்கலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா சலோமே தன் மற்றொரு கையை நீட்டிவிட்டாள். இங்கே யாருக்குப் போன் வந்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் வாங்கி ஒரு வார்த்தை பேசவேண்டும், பேசாவிட்டால் மரியாதை இல்லை. இதற்கு முன் வந்தபோதெல்லாம் தனியாகத்தான் பேசியிருக்கிறேன். நான் தலையை ஆட்டுகிறேன், வேண்டாம், அவருக்கு உங்கள் மொழி புரியாது. "துக்கம் சொல்லப் புரியணுமா?" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து போனை வாங்கிக்கொண்டாள். கடல் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதற்காக எழுந்து நின்று, ஊருக்கே கேட்கிற குரலில் பேசினாள். பொலே சானா, ரொம்ப வருத்தம், ஐயா. உங்கள் வீட்டில் நடந்த சாவுக்கு இந்த ஊர் மொத்தமும் வருந்துகிறது. பாபா பெரியானா நல்ல மனிதர், நாங்கள் அவரைப் பார்த்ததில்லை, மகளைப் பார்த்தோம். கடவுள் அவரை நல்ல இடத்தில் வைத்திருப்பார். நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், சாப்பிடாமல் இருக்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவள் நிறுத்தினாள், அந்த இடைவெளியில் அப்பாவின் குரல் போனுக்கு வெளியே வழிந்தது. "யாரும்மா... ஓகே, ஓகே... தேங்க்யூ... பெரியண்ணன், எஸ், எஸ், மீ ஒன்லி." தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்குக் குரல் ஏறியது. "எம்பொண்ணப் பாத்துக்குங்கம்மா. ஒண்டியா இருக்கா." இவள் கண்ணை மூடி, ஆமென் என்றாள். எலியாவும் கடைக்குள்ளிருந்து ஆமென் என்றான். போன் என் கைக்கு வந்தபோது, "தங்கமான மனுசியாட்டம் தெரியுது. என்ன சொன்னாங்க?" என்றார் அப்பா. "உங்கள நல்லா சாப்பிடச் சொன்னாங்க" என்றேன். அதற்குள் சிக்னல் போயிருந்தது. எவ்வளவு கேட்டதோ.

மாமா சலோமே உட்கார்ந்து பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் நிறைந்திருந்தது, ஒரு கடமை முடிந்தமாதிரி. "நல்ல கெட்டியான குரல். யாரு, உங்கப்பாவோட தம்பியா?" என்று கேட்டாள். என் பொய்யை அவளே எடுத்து, புழுதி தட்டி, என் கையில் கொடுத்தமாதிரி இருந்தது. ஆமாம் என்றால் போதும். ஆமாம் என்றால் பஸ் வரும், ஏறிவிடலாம். நாக்கைத் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

"அப்பா" என்றேன்.

"சித்தப்பாதானே?"

"இல்ல. அப்பா."

அவள் என்னைப் பார்த்தாள். எலியா கடைக்குள் ஏதோ சாமானை நகர்த்திக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்கவில்லை. "எந்திரிச்சுட்டாரா?" என்று கேட்டாள். கேலி செய்கிறாளா என்று பார்த்தேன், இல்லை.

"அவர் சாகவே இல்ல, மாமா."

"அப்ப யாரு செத்தது?"

"யாரும் சாகல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். கத்துவாள், எலியாவைக் கூப்பிடுவாள், கையை உதறுவாள், என் பையைத் தூக்கிப் புழுதியில் எறிவாள், நான் அதை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி பஸ் ஏறிவிடுவேன், யாரும் கூட நிற்கமாட்டார்கள். மூன்று நாள் ஊரைத் தூங்கவிடாமல் செய்தவளுக்கு அதுதானே நியாயம். அவள் கையை எடுக்கவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் அறுவடை முடிந்து நிற்கும் மக்காச்சோளத் தட்டைகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒரு நோயாளியிடம் கேட்பதுபோல, "அப்ப எதுக்குக் கதவைச் சாத்தின?" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆட்டைப் பற்றி, சனிக்கிழமையைப் பற்றி, பாட்டைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்ல ஏதோ வைத்திருந்தேன். "தனியா இருக்க" என்றேன். அதற்கான வார்த்தைகள் எனக்குத் தெரியும், இலக்கணப் பிசகில்லாமல்தான் சொன்னேன்.

"தனியா இருந்து?"

"தனியா இருந்தேன்."

"இருந்து என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல."

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

அவள் முகத்தில் அப்போது வந்தது பயம். பொய் சொன்னவளைப் பார்க்கும் முகம் இல்லை அது. எங்கள் தெருவில் ஒருத்தர் நடுரோட்டில் நின்று காற்றோடு பேசிக்கொண்டிருப்பார், அவரைக் கடக்கும்போது நாங்கள் வைத்துக்கொள்ளும் முகம். சாவு இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், சண்டை இல்லாமல் ஒருத்தி பகலில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறாள், மூன்று மூன்று முறையாகப் பதினொரு பேர் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே. அவள் அதை உள்ளே எங்கேயோ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது. எனக்கு வலித்தது. "பொலே" என்றாள். அப்பாவிடம் சொன்ன அதே சொல்தான், இது வேறு குரல். அடிக்குரலில் இன்னொரு முறை, "பொலே, என் பொண்ணே" என்றாள்.

அப்போது பஸ் வந்தது. வளைவில் திரும்பும்போதே ஹாரன் அடித்துக்கொண்டு, மேலே மூட்டைகளும் கோழிக்கூண்டும் ஆட, எங்களைத் தாண்டிப் போய் நின்றது. நான் ஓடினேன். படியில் கால் வைத்துத் திரும்பிப் பையை வாங்கக் கையை நீட்டினேன். அவள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே படியேறினாள். உள்ளே வைத்துவிட்டு இறங்குவாள் என்று நினைத்தேன். இடது பக்கம் இரண்டு பேர் உட்காரும் சீட் காலியாக இருந்தது, என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் என் கையை எடுத்து வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். "நீங்க எங்க வர்றீங்க?" என்றேன். அவள் என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எலியா! நான் டீச்சர்கூடப் போறேன். ஆட்டுக்குத் தழை போடச் சொல்லு!" என்று கத்தினாள். "எப்ப வருவீங்க?" என்று அவன் ஓடிக்கொண்டே கேட்டான். "இவ வர்றப்ப!" என்றாள். மாற்றுத் துணி இல்லை, காலில் ரப்பர் செருப்பு, வீட்டைக்கூடப் பூட்டியிருக்கமாட்டாள். பஸ் நகர்ந்தது. அவளுடைய இடுப்பு என்னை ஜன்னலோடு சேர்த்து அழுத்தியது, குளிர்ந்த தகரம் ஒரு பக்கம், சுடுகிற உடம்பு ஒரு பக்கம். அவள் மடியிலிருக்கும் பைக்குள் பாஸ்போர்ட் இருக்கிறது, விமானச் சீட்டின் நகல் இருக்கிறது, அப்பா எப்படிச் செத்தார் என்ற இடத்தில் நின்றுபோன தாள் இருக்கிறது. இரிங்காவில் இறங்கினாலும் கூட இறங்குவாள், விடுதியில் பாய் கேட்பாள், தார்வரை போனாலும் வருவாள், விமான நிலையத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் ஆள் தடுக்கிற கதவுவரை வந்து, நான் உள்ளே போய்விட்ட பிறகும் வெளியே நின்றுகொண்டிருப்பாள்.

கண்டக்டர் சீட்டுகளுக்கு நடுவில் தடுமாறிக்கொண்டு வந்தான். அவளிடம்தான் கேட்டான், "எங்கே?"

"இவ எங்க போறாளோ அங்க" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். பென்சிலை நாக்கில் தொட்டு, சீட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேர்" என்றேன். ஊர்ப் பெயர் இன்னும் வாயில் வரவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.